798ஐத் தாண்டாத லப்டொப்

பவர் சேவிங் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன், மூன்று இரவு போய்விட்டது. 2022 இல் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில் பிடித்த பற்றரிப் பைத்தியம் இன்னும் விடவில்லை.

மெஷின் பழசு, சிபியூ ஐ5-2520எம், ஓடுவது லினக்ஸ். சிபியூவின் வேகத்தையும் தூக்கத்தையும் காட்டும் டர்போஸ்டாட்டில் சும்மா இருக்கும்போது 798 மெகாஹேர்ட்ஸ், கோர்கள் முக்கால்வாசி நேரம் சி7 என்ற ஆழ்ந்த தூக்கம். ஆகா, கிழடு இவ்வளவு சமர்த்தா என்று நினைத்துக்கொண்டு ஒரு வீடியோவைத் திறந்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. அப்போதும் 798.

வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபோமன்ஸுக்கு மாற்றி ஒரு கோரை முழுதாக ஓடவிட்டேன், 798. பயோஸில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீட்ஸ்டெப்பை நிறுத்திப் பார்த்தேன், அதே 798. சூடும் இல்லை, 50 பாகைதான். இது சிக்கனம் இல்லை, யாரோ காலைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. இருட்டில் ஃபேன் திடீரென்று இரைய, திரையைப் பார்த்தால் 3190! சார்ஜரில் நொண்டி, பற்றரியில் ஓட்டம்.

அப்போதுதான் மண்டையில் அடித்தது. ஒவ்வொரு முறை போடும்போதும் அடப்டரைத் தெரியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும், நான் ஒரு வருசமாக எஃப்1 அமத்திக் கடந்துகொண்டிருந்தேன். பற்றரி சரியாக ஏறாததையும் வயசின் தலையில் போட்டுவிட்டேன். என்னுடையது போன்ற சில மொடல்களில் சார்ஜருக்குள் சின்ன மெமரிச் சிப் ஒன்று இருக்கும், பிளக்கின் நடு ஊசி வழியாக அது தான் இத்தனை வோற் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மதர்போர்ட் புரொக்ஹொட் கம்பியை, அதாவது சூடு கூடினால் சிபியூவை மெதுவாக்கச் சொல்லும் கம்பியை, இழுத்துப் பிடிக்கும், சிபியூ அடியிலேயே கிடக்கும்.

அந்தக் கம்பிக்குச் சிபியூ கீழ்ப்படிய வேண்டுமா என்ற அமைப்பு எம்எஸ்ஆர் 1எஃப்சி என்ற சிபியூ ரெஜிஸ்டரில் இருக்கிறது, வாசித்தால் ஹெக்ஸில் கடைசி எழுத்து டி. அதை சி ஆக்கி எழுதினேன், அதாவது கடைசி பிட் மட்டும் 0. உடனே மூவாயிரத்தைத் தாண்டியது. ஆனால் மூடித் திறந்தால் பழையபடி டி. ஸ்கிரிப்ட் எழுதலாம்தான், ஆனாலும் வேறு பாகங்கள் சூடாகி அலறினாலும் இனி சிபியூவுக்குக் கேட்காது, திருகோணமலை வெயிலில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

கடைசியில் லென்ஸ் வைத்து ஊசியைப் பார்த்தேன், பச்சை பூத்திருக்கிறது. உப்புவெளியில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு, சைக்கிள் செயினே தாங்காது. ஐசோபுரொப்பைலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் வயரை ஆட்டினால் திரும்ப வருகிறது, உள்ளே நடு ஊசிக்குப் போகும் மெல்லிய கம்பியும் அரைவாசி அறுந்திருக்க வேண்டும். டவுனில் டூப்ளிகேட்தான் கிடைக்கிறது, அதில் சிப் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். கொழும்பு போகிறவர்களிடம் பழைய ஒரிஜினல் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அது வரும்வரை அடுத்த வேலை. கோர்கள் தூங்கினாலும் பக்கேஜ் சி7, அதாவது முழுச் சிப்பும் சேர்ந்து தூங்கும் நேரம், கிட்டத்தட்ட பூச்சியம். யூஎஸ்பி மவுஸைக் கழற்றினால் சட்டென்று ஏறுகிறது. மின் சிக்கனம் பார்க்கும் பவர்டொப்பில் மவுஸுக்கும் தூக்கம் கொடுத்துப் பார்த்தேன், இப்போது ஒவ்வொரு முறையும் கிளிக் பண்ணித்தான் அதை எழுப்ப வேண்டியிருக்கிறது.