பகிடிக்குத்தானே சேர்

"சேர், நான் இனிக் கோலுக்கை நிக்கேல்லை. முன்னுக்கு விளையாடட்டோ?"

கையுறைப் பட்டியை இறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டான். போட்டி தொடங்க 20 நிமிடம் இருந்தது. உடற்கல்வி ஆசிரியராக யாழ்ப்பாணத்தில் எத்தனையோ உதைபந்தாட்ட அணிகளைப் பழக்கியிருக்கிறேன். 18 வயதுப் பிரிவில் அவனைப் போல ஒரு கோல் காப்பாளர் எனக்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. விரலில் ஏதும் பிசகோ என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றச் சொல்லிப் பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். நோகவில்லை என்றான். "அப்ப என்னடா?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை சேர்" என்றுவிட்டு மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டான்.

அவன் கிளிநொச்சிப் பெடியன். விடுதியில் தங்கிப் படித்தவன். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் அவனுடைய அப்பப்பாவின் குடும்பமும் ஒன்று. தேயிலைத் தோட்டத்தை அவன் முதன்முதலாகக் கண்டதே பாடசாலைச் சுற்றுலாவில்தான்.

அந்தப் பருவத்தின் முதற்போட்டியில் ஒரு தண்டனை உதையைப் பாய்ந்து பிடித்தான். தகரமும் விசிலுமாக நின்ற எங்கள் பழைய மாணவர்கள் அந்த இடத்திலேயே அவனுக்கு ஒரு பாட்டுக் கட்டினார்கள்:

"கொழுந்து கிள்ளின கையடா, கோலை விடாத கையடா!"

பாராட்டுத்தான். அவனும் கையைத் தூக்கிக் காட்டினான். மைதானம் முழுக்கச் சிரிப்பு. தாளம் நல்லாய் இருந்தது. நானும் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் போத்தல் பெட்டியில் தட்டினேன்.

அடுத்த கிழமை எதிரணிப் பாடசாலைக்காரர் அதே பாட்டை எடுத்தார்கள். அவர்கள் வாயில் இரண்டாவது அடி இல்லை. "கொழுந்து கிள்ளப் போடா" என்று மட்டும் வந்தது. பாராட்டு கழன்று விழ, கொழுந்து மட்டும் நின்றுவிட்டது. மலையகத் தமிழரை இழிக்கும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவும் இல்லை. அதற்கடுத்த போட்டிக்கு முன்னால்தான் அவன் என்னிடம் வந்து முன்னுக்கு விளையாடட்டோ என்று கேட்டான். நான் விரலைப் பார்த்தேன்.

எனக்கு விசயம் விளங்கியது 2021 ஒக்டோபரில், பார்க் ஜி சுங் சொன்னதை வாசித்தபோது. தென் கொரியாவைச் சேர்ந்த அவர் 2005 முதல் 2012 வரை மான்செஸ்டர் யுனைட்டட்டில் ஆடியவர். எங்கள் பெடியளுக்கு அந்தக் கழகமென்றால் உயிர். இணுவில் சந்தியிலும் அந்தச் சிவப்புச் சட்டையைக் காணலாம். பார்க்கைக் கொண்டாட அங்கத்தைய ரசிகர்கள் ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். உங்கள் நாட்டில் நாய் தின்கிறீர்கள் என்பது அதில் ஓர் அடி. முதலில் கேட்டபோது தனக்கென்று ஒரு பாட்டு இருப்பதில் பெருமைப்பட்டதாகவும், நாய் இறைச்சி என்ற அந்தச் சொல் சங்கடப்படுத்தினாலும் புது நாட்டுக்கு வந்தவன் இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததாகவும் அவர் சொன்னார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஏன் வாய் திறந்தார்? அந்த ஓகஸ்டில் ஹ்வாங் ஹீ சான் என்ற கொரிய இளைஞரை வூல்வ்ஸ் கழகம் தன் மைதானத்தில் அறிமுகப்படுத்தியபோது, அன்று அங்கு ஆட வந்திருந்த யுனைட்டட்டின் ரசிகர்கள் சிலர் பார்க்கின் பாட்டை எடுத்துப் பாடினார்கள். ஆள் வேறு, பாட்டு அதே. அதுவரை அது பார்க் மேல் உள்ள அன்பு என்று சொல்லி வந்தவர்கள், ஹ்வாங்கைப் பார்த்து அதைப் பாடியதற்கு என்ன சொல்வார்கள்? அது ஒருநாளும் பார்க்கைப் பற்றிய பாட்டாக இருக்கவில்லை. கொரியர்களைப் பற்றிய பாட்டு.

பெல்ஜிய ஆட்டக்காரர் ரொமேலு லுக்காக்குவின் கதையும் அதுதான். 2017 இல் அவர் அதே கழகத்துக்கு வந்து கோல் மேல் கோலாகப் போட, ரசிகர்கள் அவருடைய ஆணுறுப்பின் அளவைப் பற்றிப் பாடினார்கள். கறுப்பின ஆண்களின் உடலைப் பற்றி அடிமைக் காலத்திலிருந்து சொல்லி வரும் கட்டுக்கதை அது. இனவெறிக்கு எதிராக 1993 முதல் இயங்கும் கிக் இட் அவுட் அமைப்பு, பாராட்டும் எண்ணத்தோடு பாடினாலும் ஏற்க முடியாது என்றது. ரசிகர்கள் நல்ல எண்ணத்தில்தான் பாடினார்கள், இனி அதை விடுவோம் என்று லுக்காக்குவும் மெதுவாகச் சொன்னார். புண்பட்டவன்தான் மற்றவர்களின் மனம் நோகாமல் பேச வேண்டியிருக்கிறது! இதை நினைக்க எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

அதற்குப் பிறகு எங்கள் பழைய மாணவர்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்தேன். "பகிடிக்குத்தானே சேர்" என்றான் ஒருவன். "அவனும் சிரிச்சவன்தானே" என்றான் மற்றவன். பகிடி எங்கள் ஊரில் சின்னச் சொல் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போகும் பிள்ளையை முழங்காலில் நிற்க வைப்பதற்கும் நாங்கள் பகிடிவதை என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம். 1998 இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்த பிறகும் அதைச் செய்கிறவனின் வாயில் அது பகிடி மட்டும்தான். வதை என்ற பாதி, அதைப் பட்டவனிடம் இருக்கிறது. அவன் சிரித்தது உண்மை. முன்னூறு பேர் சிரிக்கும் இடத்தில் 17 வயதுப் பெடியன் வேறு என்ன செய்வான்? கோபப்பட்டிருந்தால், பகிடி தெரியாதவன் என்று அதையும் அவன் தலையில் கட்டியிருப்போம்.

இங்கிலாந்தில் மைதானத்தில் இனவெறிப் பாட்டுப் பாடுவது 1991 முதல் குற்றம். போர்ட் வேல் என்ற கழகத்தின் ரசிகர் ஒருவர் தெற்காசியர்களை இழிக்கும் சொல்லோடு எதிரணியின் ஊரைப் பாடியபோது, அது வெறும் கிண்டல் பாட்டு என்று கீழ் நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. 2003 இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சொல் எங்கள் தோல் நிறத்தாரைக் குறிக்கும் சொல். புலம்பெயர்ந்து போன எங்கள் சொந்தக்காரர் எத்தனை பேர் லண்டன் தெருவில் அதை வாங்கிக் கட்டியிருப்பார்கள். இதைச் சொன்னபோதுதான் அந்தப் பெடியள் தலையைக் குனிந்தார்கள்.

இப்போது போட்டிக்கு முன் நான் ஆதரவாளர் பக்கம் போய், என்ன பாட்டு வைத்திருக்கிறீர்கள், பாடிக் காட்டுங்கள் என்று கேட்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

அந்த 2021 கடைசியில் கிளிநொச்சிக்குப் போய் அவனைத் தேடிப் பிடித்தேன். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் நின்றான். கையெல்லாம் கிறீஸ். எனக்குச் சோடா எடுத்துத் தந்தான். நான் பாட்டுக் கதையை எடுத்ததும் துணியால் விரல்களைத் துடைக்கத் தொடங்கினான், ஒவ்வொரு விரலாக.

"நீங்களும் தட்டினீங்கள் சேர்," என்றான். "தண்ணிப் போத்தில் பெட்டியிலை."

மன்னிப்புக் கேட்டேன்.

"ஒண்டுமில்லை சேர்" என்றான், அன்றைக்குச் சொன்ன அதே குரலில்.