நெரிசலில் ஓட்ட எந்த பைக்? இடது கையைக் கேட்டுப் பாருங்கள்

பைக் வாங்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் கேட்பது எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு என்றுதான். நான் வேறொன்று கேட்பேன்: தினமும் போய்வருகிற பாதையில் நாலாவது கியருக்கு எத்தனை தடவை போவீர்கள்? நகரத்து நெரிசலுக்குள் வேலைக்குப் போய்வருகிற பெரும்பாலோருக்கு, கொஞ்சம் யோசித்தால், எப்போதாவது என்றுதான் பதில் வரும். முதல் கியர், இரண்டாவது, பிரேக், மறுபடி முதல் கியர், அவ்வளவுதான் மொத்தப் பயணமும். அப்படியிருக்க 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வண்டி என்ன செய்யும் என்பதை வைத்து ஏன் முடிவெடுக்க வேண்டும்? 0-விலிருந்து 30 வரை அது எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச், அதாவது இன்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குப் போகாமல் துண்டிக்க இடது கையால் பிடிக்கிற லீவர். பவரைவிட, பிக்கப்பைவிட, தோற்றத்தைவிட முதலில் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது நீங்கள் உண்மையில் ஆக்சிலேட்டரால் ஓட்டுவதில்லை, ஹாஃப் கிளட்ச்சால்தான் ஓட்டுகிறீர்கள். விரல்கள் லீவரைப் பாதி பிடித்தபடி, கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, முன்னால் நிற்கிற வண்டியின் பம்பர் மேல் கண்ணை வைத்துக்கொண்டு. லீவர் கனமாக இருந்தால் வலி முதலில் கட்டைவிரலின் அடியில் தொடங்கும், பிறகு முன்னங்கை இறுகும், வீட்டுக்கு வந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கும்போது அது தெரியும். ஷோரூமில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு 'லேசாத்தான் இருக்கு' என்று சொல்லாதீர்கள். இன்ஜினை அணைத்து, வண்டி மேல் உட்கார்ந்து, விடாமல் ஒரு 40 தடவை இழுத்து விடுங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிற வண்டி என்றால் இன்னும் நல்லது. அதில் இன்ஜின் இழுக்கும்போது கிளட்ச்சுக்குள் இருக்கிற பிளேட்டுகள் தாமாகவே ஒன்றோடொன்று இறுகிக்கொள்வதால் ஸ்பிரிங்கை மெலிதாக வைக்க முடிகிறது, லீவர் கைக்கு லேசாக வருகிறது. லீவரை எந்த இடத்தில் விடும்போது வண்டி நகரத் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். முழுக்க விட்ட பிறகுதான் நகர்கிறது என்றால், கை சிறியவர்களுக்கு அது தினசரி அவஸ்தை. அது வெறும் அட்ஜஸ்ட்மென்ட் விஷயமா, வண்டியின் சுபாவமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது இழுவை. விவரத் தாளில் டார்க் (torque, அதாவது இழுவிசை) எவ்வளவு என்று போட்டிருப்பதைவிட, அது எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுகிற சுற்றுகள்) வருகிறது என்று பக்கத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். 9,000-த்துக்கு அருகில்தான் முழு இழுவையும் வருகிறது என்றால் அந்த இன்ஜின் திறந்த சாலைக்குப் பிறந்தது. நெரிசலில் நீங்கள் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். 5,000, 6,000-த்திலேயே வந்துவிடுகிற ஒற்றை சிலிண்டர் வண்டிதான் இங்கே நிம்மதி. சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: சமதளத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மெதுவாக முழுக்க விடுங்கள். வண்டி அணைந்துவிடாமல் மனிதன் நடக்கிற வேகத்தில் தானாகப் போக வேண்டும். பிறகு இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், உதறாமல் போனால் சரி. உதறுகிற வண்டியில் ஒவ்வொரு தடவையும் கிளட்ச்சைப் பிடித்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும், கையும் போகும், பிளேட்டும் சீக்கிரம் தேயும். என் கணக்கில் 125-லிருந்து 160 சிசிக்குள் இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. வார இறுதியில் நெடுஞ்சாலைப் பயணமும் போவேன் என்பவர்களுக்கு மட்டும் அதற்கு மேல் யோசிக்கலாம்.

எடையும் உயரமும். 120 கிலோ வண்டிக்கும் 190 கிலோ வண்டிக்கும் ஓடும்போது அவ்வளவு வித்தியாசம் தெரியாது. நிற்கும்போதும், பார்க்கிங்கில் உட்கார்ந்தபடி காலால் பின்னால் தள்ளும்போதும்தான் தெரியும். சீட் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். சீட்டின் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும், அதனால் ஒரே உயரம் போட்ட இரண்டு வண்டிகளில் ஒன்றில் பாதம் பதியும், இன்னொன்றில் நுனிவிரல்தான் தொடும்.

முழு ஃபேரிங் (முன்பக்கத்தையும் பக்கங்களையும் மூடுகிற உறை) போட்ட, தாழ்ந்த ஹேண்டில்பார் வைத்த வண்டிகள் பார்க்க அழகு, எனக்கும் பிடிக்கும். ஆனால் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்குவதால்தான் அந்தக் குனிந்த உட்காருகை சுகமாக இருக்கிறது. ஊர்ந்து போகிற இடத்தில் காற்று ஏது? உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அதோடு ஹேண்டில்பார் அதிகம் திரும்பாது, இரண்டு கார்களுக்கு நடுவே வளைத்து வெளியே வர முடியாமல் நிற்க வேண்டி வரும். நிமிர்ந்து உட்காருகிற வண்டியில் பார்வையும் கார்களின் கூரைக்கு மேலே போகிறது, யார் எப்போது திரும்பப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிகிறது.

சூட்டைப் பற்றி யாரும் போதுமான அளவுக்குப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். பெட்ரோலில் இருக்கிற சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது, அது எங்காவது போயாக வேண்டும். இன்ஜினைத் திரவத்தால் குளிரவைக்கிற பெரிய லிக்விட் கூல்டு வண்டிகளில் சிக்னலில் நின்ற கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், அந்த அனல் எந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டிருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் நேராக முழங்காலுக்குக் கீழே அடிக்கும். ஃபேன் ஓடத் தொடங்கும் வரை ஓட்டிப் பார்க்காமல் அப்படிப்பட்ட வண்டியை வாங்கவே கூடாது.

பிரேக்கில் பேரமே இல்லை, அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் வேண்டும். மழைநாளில், சாலையில் பெயின்ட் அடித்த கோட்டின் மேல் அவசரமாகப் பிடிக்க நேர்ந்தால் தெரியும்.

சரி, இவ்வளவு கிளட்ச் பாட்டு பாடுகிறாயே, கிளட்ச்சே இல்லாத வண்டி வாங்கினால் என்ன என்று கேட்டால், நியாயமான கேள்வி. ஹோண்டா சூப்பர் கப் 1958-லேயே அதைச் செய்துவிட்டது. கியர் உண்டு, கிளட்ச் லீவர் கிடையாது, ஒரு கையில் சாப்பாடு ஏந்திக்கொண்டு டெலிவரிக்குப் போகிறவரும் ஓட்டும்படி யோசித்த வண்டி. 2017-இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. 2024-இல் அதே நிறுவனம் 650 சிசி பைக்குகளில் இ-கிளட்ச் என்று லீவரைத் தொடாமலேயே ஓட்டும் வசதியைக் கொண்டுவந்திருக்கிறது. இந்தத் திசையில் இன்னும் நிறைய வண்டிகள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஸ்கூட்டர் கைக்கு இன்னும் சுலபம், ஆனால் அதன் சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்குச் சொல்லிவிடும். பாதை மோசம் என்றால் 17 இன்ச் சக்கரம்தான். எலக்ட்ரிக் வண்டியில் நிற்கிற இடத்திலிருந்தே முழு இழுவை, சிக்னலில் சூடும் இல்லை. நெடுஞ்சாலையைவிட நகரத்துக்குள்தான் சார்ஜ் அதிக தூரம் வரும். இரவில் சார்ஜ் போட நிச்சயமான ஓர் இடம் இருந்தால் நான் முதலில் அதைத்தான் சொல்வேன்.

எதைப் பார்த்தாலும் டெஸ்ட் ரைடை மாலை நெரிசல் நேரத்தில் கேளுங்கள். காலி ரோட்டில் ஒரு ரவுண்டு போனால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். கடையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதே மாடலை ஒரு வருஷமாவது ஓட்டியவர் யாராவது இருப்பார். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்பவரிடம்கூடக் கேட்கலாம், பைக் ஓட்டுபவர்கள் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். மைலேஜைக் கேட்பதற்கு முன்னால், கிளட்ச் பிளேட் எப்போது மாற்றினார், கை வலிக்கிறதா என்று கேளுங்கள்.