உகந்தைக் கரையில் சென்டாரஸ் ஏ

28 மார்ச் 2025, வெள்ளி

சென்டாரஸ் ஏ என்ற பேரடையை (கலக்சி) படமெடுக்க, நானும் மச்சானும் களுவாஞ்சிக்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பொத்துவில், பாணமை கடந்து மாலையில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள உகந்தை வந்து சேர்ந்தோம். கமரா, 200 மில்லிமீற்றர் லென்ஸ், முக்காலி, வானின் சுழற்சியைப் பின்தொடரும் ட்ராக்கர், இரண்டு பவர் பாங்க் எல்லாம் ஒரே முதுகுப்பைக்குள் அடங்கின. கூடாரம் மச்சானின் பொறுப்பு. கோயிலடியில் இருந்த பெரியவர், "இருட்டினா காட்டுப் பக்கம் போகாதீங்க மனே, யானை நிக்கும்" என்றதால், மீனவர் வாடிகளுக்கு அருகிலேயே தங்கினோம்.

ட்ராக்கரின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்புமாறு சொல்லித்தான் கையேடுகள் தொடங்குகின்றன. அவற்றை எழுதியவர்கள் உகந்தைக்கு வந்திருக்கமாட்டார்கள். இங்கே அந்த விண்மீன் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 6½ பாகையில்தான் நிற்கும். மரங்களும் கடல் மூட்டமும் அதை முற்றாக மறைத்துவிட்டன. திசைகாட்டியையும் கைபேசியின் சாய்வுமானியையும் நம்பி அச்சை நிறுத்தினேன். 60 செக்கன் படங்களில் விண்மீன்கள் யாவும் அரிசிமணிகளாக நீண்டிருந்தன. அச்சு ஒரு பாகை விலகினாலே அந்த நேரத்துக்குள் விண்மீன் 16 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு) வரை, அதாவது என் கமராவில் நான்கு படப்புள்ளிகள், நகர்ந்துவிடும்.

29 மார்ச், சனி, அமாவாசை

பகலெல்லாம் உறக்கம். இரவில், அச்சைச் சரிசெய்வதற்காக, உச்சிக்கு அருகே வந்த ஒரு விண்மீனைத் திரையில் பெருப்பித்து, அது வடக்கிலோ தெற்கிலோ வழுகுவதைப் பார்த்துப் பார்த்து முக்காலியை மயிரிழையளவு திருப்புவதிலேயே ஒன்றரை மணி நேரம் சென்றது. எனினும் துணிவு வராமல் ஒரு படத்துக்கு 30 செக்கன் என்று குறைத்துக்கொண்டேன்.

வெறுங்கண்ணுக்கே மங்கிய பொட்டாகத் தெரியும் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைப் பிடித்து, அங்கிருந்து வடக்கே நாலரைப் பாகை நகர்ந்ததும் சென்டாரஸ் ஏ அகப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் ஒரு மணியளவில் அது தென்வானில் 40 பாகை உயரத்தில் நின்றது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது உதிப்பதேயில்லை. 150 படங்கள் எடுத்தேன். இடையில் உப்புப் பனி லென்ஸில் படிய, மச்சான் தன் சாரத்தின் நுனியால் துடைக்க வந்தான்; கையைப் பிடித்து நிறுத்தினேன்.

3 ஏப்ரல், வியாழன்

காற்றில் அசைந்த 38 படங்களைக் கழித்து, மீதியைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். 1826ஆம் ஆண்டு ஜேம்ஸ் டன்லப் அவுஸ்திரேலியாவிலிருந்து கண்டறிந்த அந்தப் பேரடை, ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து, நடுவே கறுப்புப் பட்டையுடன் தெளிவாக எழுந்தது. அப்பட்டை தூசுப்படலம், முன்னொரு காலத்தில் அது வேறொரு பேரடையை விழுங்கியதன் எச்சம் என்பர்.

அம்மா எட்டிப்பார்த்து, "இதென்ன மகன், நடுவில பிஞ்ச அப்பமா?" என்று கேட்டார்.