அழகர் வரும் சாலையில் ஒரு சுண்டெலிக்கூடம்

மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் சுண்டெலிகளின் இனப்பெருக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கூண்டுகளைப் பார்த்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அந்தக் கதவைத் தாண்டப் பத்து வாரங்கள் ஆயின.

முதலில் மருத்துவச் சோதனை. சுண்டெலியின் சிறுநீரில் உள்ள ஒரு புரதம் பலருக்கு நாளடைவில் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கக்கூடியது என்பதால், எனக்கு மூச்சுத்திணறல் ஏதும் உண்டா என்று கேட்டுப் பதிந்துகொண்டார்கள். வீட்டில் முயலோ எலியோ வளர்க்கவில்லை என்று எழுதி வாங்கினார்கள். பரணில் ஓடும் எலியின் ஒட்டுண்ணி என் உடையோடு வந்தால்கூட ஒரு கூடம் முழுவதையும் காலி செய்ய வேண்டி வரலாம் என்று கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான், அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று புரிந்தது. அதன்பின் அவர் முன்னிலையில் சுண்டெலியைத் தூக்கப் பழகினேன். வாலைப் பிடித்துத் தூக்கினால் அது மிரளும். ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ, இரு கைகளையும் குவித்து ஏந்தியோ எடுத்தால் அமைதியாக இருக்கும். என் கை நடுங்காமல் இருப்பதை அவர் மூன்று முறை பார்த்த பிறகே பதிவேட்டில் கையொப்பமிட்டார்.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் மாற்றியது நெறிமுறைக் குழுவின் கூட்டம். 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1998 இல் வந்த விதிகளின்படி, இந்தியாவில் எந்த ஆய்வுக்கூடமும் இத்தகைய குழுவின் ஒப்புதல் இல்லாமல் விலங்குகளில் சோதனை செய்ய முடியாது. குழுவில் அறிவியலர் அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருப்பார். எங்கள் குழுவில் அந்த இடத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருந்தார். விண்ணப்பத்தை முழுவதும் படித்துவிட்டு வந்திருந்த அவர், "பன்னிரண்டு எலி போதும்னு எழுதியிருக்கீங்களேம்மா, அதுங்களோட கூடப் பிறந்ததெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் செயலிழந்த ஆண் சுண்டெலிகள் பன்னிரண்டு எனக்குத் தேவை. ஒரு பிரதி மட்டும் செயலிழந்த தாயையும் தந்தையையும் சேர்த்தால், பிறப்பவற்றில் நான்கில் ஒன்றுதான் அப்படி அமையும். அதிலும் பாதி பெண். ஆகவே எட்டில் ஒன்று. பன்னிரண்டு வேண்டுமென்றால் ஏறத்தாழ 96 குட்டிகள் பிறந்தாக வேண்டும். ஒரு ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள் என்றால், பன்னிரண்டு முதல் பதினாறு ஈற்றுகள். ஒப்பீட்டுக்கான சுண்டெலிகளை வெளியிலிருந்து வாங்குவதாக வேறு எழுதியிருந்தேன். எஞ்சிய 84 உயிர்களும் கொல்லப்படுவதற்காக மட்டுமே பிறக்கும் என்பதை என் விண்ணப்பத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

திட்டத்தை மாற்றி எழுதினேன். ஆண்கள் மட்டுமே வேண்டும் என்பதற்கு, பழக்கத்தைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. ஆணும் பெண்ணும் ஆறாறு என்று வைத்தால் 48 குட்டிகள் போதும். மரபணு மாறாமல் உடன்பிறந்த பன்னிரண்டையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டால், வெளியிலிருந்து ஒன்றுகூட வாங்க வேண்டியதில்லை. ஒரே தாயிடம் பால் குடித்தவை என்பதால் ஒப்பீடும் நேர்மையானதாக இருக்கும். மீதமுள்ள 24 இல் சிலவற்றை அடுத்த தலைமுறைப் பெற்றோராக வைத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. கதவின் சாவியும் அந்த வாரமே என் கைக்கு வந்தது.

உள்ளே எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அங்கே நெடுங்காலமாகக் கூண்டு மாற்றிவந்த ஊழியர் ஒருவர். அவரை அண்ணே என்றுதான் அழைப்பேன். "சென்ட்டு, தலைக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேணாம் தங்கச்சி, தாய்க்கு ஆகாது" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் சொல். வெளியே 40 பாகை வெயில் காய்கையில் உள்ளே 22 பாகை இருக்கும். நமக்கு இதமான அந்த அளவு சுண்டெலிக்குக் குளிர். அதற்கு உகந்தது ஏறத்தாழ 30 பாகை. அதனால் உமி பரப்பிய கூண்டுக்குள் கிழித்த காகிதமும் கை நிறையப் போட வேண்டும். தாய் அதை வாயால் கிழித்துக் கிழித்துக் கிண்ணம்போல் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டின் விளிம்பு உயர்ந்திருந்தால் எல்லாம் நலம் என்பார் அண்ணன். தட்டையாகக் கிடந்தால் நின்று பார்ப்பார்.

முதல் சித்திரையில்தான் அடிபட்டேன். மலையிலிருந்து இறங்கும் அழகர் எங்கள் சாலை வழியாகத்தான் மதுரைக்கு வருகிறார், மூன்றுமாவடியில் மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. இரவெல்லாம் கொட்டும் அதிர்வேட்டும். சுண்டெலியின் செவி நம் செவிக்கு எட்டாத ஒலிகளையும் கேட்கும். சுவரின் அதிர்வும் அதற்குத் தெரியும். மறுநாள் காலை, இரண்டு நாள்களுக்கு முன் ஈன்ற நான்கு கூண்டுகளை, குட்டிகள் பிழைத்தனவா என்று பதறிப்போய் ஒவ்வொன்றாக மூடி திறந்து எண்ணினேன். அன்று மாலைக்குள் இரண்டு தாய்கள் தம் குட்டிகளைத் தின்றுவிட்டிருந்தன. பதினைந்து குட்டிகள். வேட்டுச் சத்தம் காரணமா, மூடியைத் திறந்த என் கை காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் கையை நான் விலக்கிவைத்திருக்க முடியும் என்பது மட்டும் உறுதி.

அண்ணன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். இருவரும் நாள்களைப் பின்னோக்கி எண்ணினோம். சுண்டெலியின் சினைக்காலம் 19 முதல் 21 நாள்கள். பிறந்து பத்து நாள்களில் குட்டிக்கு மயிர் மூடிவிடும். அதன்பின் தாய் எளிதில் கைவிடாது. பங்குனி உத்திரத்துக்கும் சித்திரைப் பௌர்ணமிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதம். ஆகவே உத்திரத்தன்றே ஆண்களைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மீண்டும் சினையாகிவிடும் என்பதால், ஒரு கூண்டைக்கூட விட்டுவைக்கக் கூடாது. பிறகு அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மறுபடி சேர்த்தால், அழகர் மலைக்குத் திரும்பிய பின்னரே முதல் ஈற்று வரும். ஆண்டுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் இனப்பெருக்கம் நின்றதைச் சில ஆய்வாளர்கள் விரும்பவில்லை. அவர்களுக்கு அந்தப் பதினைந்து என்ற எண்ணைக் காட்டினேன்.

அடுத்த ஆண்டு எதிர்சேவை இரவில் எங்கள் கூடத்தில் பிறந்த குட்டி ஒன்றுமில்லை. அழகர் திரும்பிச் சென்ற சில நாள்களுக்குப் பின், காலை ஏழு மணி அளவில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஒளி ஊடுருவும் கூண்டின் ஓரத்தில் கூடு உயர்ந்து நின்றது. உள்ளே இளஞ்சிவப்பாக நெளிந்த உடல்களில், ஒன்றன் வயிற்றில் தோலுக்கடியில் வெள்ளையாகப் பால் தெரிந்தது. கூண்டு அட்டையில் தேதியை எழுதிவிட்டு, எண்ணிக்கைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன்.