ஃபில்டர் மணல் மாற்றப்போகிறீர்களா? முதலில் வால்வைப் பாருங்கள்

பவானி ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து ஊருக்குக் கொடுக்கும் நிலையம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். ஃபில்டர்களைப் புதுப்பிக்கும் வேலைக்குத் திட்டம் போட்ட அனுபவம் இது.

எங்களிடம் மணல் ஃபில்டர் ஆறு. ஒருமுறை பேக்வாஷ் செய்தால் (தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு மணலைக் கழுவுவது) முன்பெல்லாம் ஒரு நாள் முழுக்கத் தாங்கும், இப்போது பத்து மணி நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. ஒன்றை வடித்துத் தோண்டிப் பார்த்தோம். நெல்லிக்காய் அளவில் களிமண் உருண்டைகள்! 75 செ.மீ. இருக்க வேண்டிய மணல் 60கூட இல்லை. மணலைக் கிளற காற்று அடிக்கும் புளோயர் வலுவிழந்ததால் அழுக்கு உள்ளேயே தங்கி உருண்டையாகியிருக்கிறது, கழுவும் நேரத்தை நீட்டி நீட்டிச் சமாளித்ததில் மணலும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து போயிருக்கிறது. புளோயரை விட்டுவிட்டு மணலை மட்டும் மாற்றினால் மறுபடி இதே கதைதான்.

சரி, எப்போது செய்வது? ஊருக்குத் தண்ணீரை நிறுத்த முடியாது. ஒரு நேரத்தில் ஒரு ஃபில்டரைத்தான் மூடலாம், அதற்கே மற்ற ஐந்தின் மேல் 20 சதவீதம் சுமை ஏறும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆறு கலங்கி வரும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை, ஏப்ரல், மேயில் தண்ணீர்த் தேவை உச்சம். மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் வரைதான். ஒன்றுக்குப் பன்னிரண்டு நாள், ஆறுக்கு 72 நாள் என்று கணக்குப் போட்டேன்.

எஸ்டிமேட்டை முடிக்கும்போது எங்கள் மூத்த ஆபரேட்டர் சொன்னார்: "சார், மூணாம் நம்பர் வால்வ மூடினாலும் தண்ணி நிக்காதுங்க." போய்ப் பார்த்தால் அது மட்டுமல்ல, நான்கு வால்வுகள் அப்படித்தான். ஃபில்டரைத் தனியாகப் பிரிக்கவே முடியாது என்றால் உள்ளே ஆள் இறங்குவது எப்படி? வால்வுகளைச் சேர்த்து எஸ்டிமேட்டைத் திருத்தி ஒப்புதல் வாங்க இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. அவரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

மணலில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பயன் அளவு (எடையில் பத்து சதவீத மணல் இதைவிடப் பொடியாக இருக்கும்) 0.45 முதல் 0.70 மி.மீ., மணல் எவ்வளவு ஒரே அளவில் இருக்கிறது என்று காட்டும் சீர்மைக் கெழு 1.7க்கு மேல் போகக் கூடாது என்று டெண்டரிலேயே எழுதியிருந்தோம். முதல் லோடு சல்லடைச் சோதனையில் ரொம்பப் பொடியாக இருந்தது, திருப்பி அனுப்பினோம். எட்டு நாள் போனது. அப்புறம் இரண்டாவது ஃபில்டரில் அடியிலுள்ள நாசில்கள் (தண்ணீர் போய்வரும் சிறு துளைக் குழாய்கள்) உடைந்திருந்ததால் கூழாங்கல் அடுக்கு முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

புது மணல் போட்டதும் "லைனில் விடுங்கள்" என்று நெருக்கினார்கள். குளோரின் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, கலங்கல் 1 என்.டி.யூ.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இறங்கும் வரை வடிகாலில் விட்ட பிறகுதான் திறந்தோம். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர், அதில் அவசரம் கூடாது.

மார்ச் கடைசியில் ஐந்து ஃபில்டர் முடிந்தது. ஆறாவதைத் தொடவில்லை. அதற்கான மணல் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது, ஜனவரியில் இறங்குகிறோம்.