தகரக் கூரையின் கீழ் ஒரு துணிப்பை

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியேற்ற புதிதில், விளையாட்டுப் பொருள் மினுங்கிச் சத்தம் போட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்றே எண்ணியிருந்தேன். நன்கொடையாக வந்த பெட்டரி கோச்சியை, அதாவது பொம்மை ரயிலை, ஓடவிட்ட அன்றே அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. நான்கு வயதுப் பையன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு, கம்பளிகள் அடுக்கியிருந்த மூலைக்குள் போய்ச் சுருண்டான். மழை தகரத்தில் கொட்டும் நாள்களிலும் அவன் அங்கேதான் ஒளிவான் என்பது அப்போதுதான் உறைத்தது. "பிடிவாதம் டீச்சர், சொன்னா கேக்க மாட்டான்" என்றார், மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்த தாய். அது பிடிவாதமன்று; ஆட்டிசம் என்று பின்னர் கிளினிக்கில் சொன்னார்கள். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது, 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் அமெரிக்க உளநல நோயறி கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தவை அந்தக் கம்பளிகள்தாம். அவற்றின் பாரம் மேலே விழுந்ததும் அவன் அடங்குவதைப் பார்த்து, பழைய சேலைத் துணியில் பை தைத்து, அரைக் கிலோ பாசிப்பயறு நிரப்பி மடியில் வைத்தேன். தசைகளும் மூட்டுகளும் உணரும் அழுத்தம் சில பிள்ளைகளை ஆற்றும் என்பதை அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ் 1970களிலேயே எழுதியிருந்தார். எனக்கோ அதைக் கம்பளிதான் கற்பித்தது. விழித்திருக்கும்போது மட்டும், அவனே தள்ளிவிடக்கூடிய பாரமாக மட்டும் கொடுத்தேன். உறங்கும் பிள்ளை மேல் பாரம் வைக்கலாகாது.

வெற்றி கண்ட மிதப்பில் செய்த தவறையும் எழுத வேண்டும். அதே போன்ற பையை, கையில் கிடைப்பதையெல்லாம் மெல்லும் இரண்டரை வயதுப் பிள்ளைக்கும் கொடுத்தேன். தையல் பிரிந்து பயறு வாய்க்குள் போகும் முன், தொட்டிலாட்டிக்கொண்டிருந்த அம்மாயி பறித்துவிட்டார். மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மைகள் தொண்டையில் சிக்குமா எனச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர், அதற்குள் அடங்கும் எதுவும் ஆகாது என்பது விதி. பயறு எம்மாத்திரம்! அவளுக்குத் தேவைப்பட்டது பாரமன்று, கடிக்க ஏதாவது. தடித்த பருத்தித் துணியை முடிச்சிட்டுக் கொடுத்தோம், தினமும் அவித்துத் துவைத்தோம்.

பையனின் பையோ எங்கள் பனியில் ஈரம் காயாமல், ஒருநாள் பயறு முளைத்துவிட்டது. இப்போது அதற்குள் ஆற்றுக் கூழாங்கற்கள், இரட்டைத் துணி, இரட்டைத் தையல். பெட்டரி கழற்றிய கோச்சியின் மேல் அவன் அந்தப் பையை ஏற்றி, வாசல் வரை தள்ளிக்கொண்டு போகிறான்.