சேர்விஸ் சார்ஜ் இல்லாத மாதங்கள்

2021 ஜூன் 2, புதன்
கொரோனாப் பயணத்தடை இன்னும் எடுக்கப்படவில்லை. ஹோட்டலில் ஒரு அறையிலும் ஆளில்லை. ஆனாலும் பாஸ் எடுத்துத் தந்து எங்களில் இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆளில்லாத அறைக்குத்தான் வேலை கூட. குளியலறையில் தண்ணீரைத் திறந்து விடாவிட்டால் குழாய் வழியே நாற்றம் மேலே வந்துவிடும். யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு; ஷவர் ஓட்டையெல்லாம் வெள்ளையாக அடைத்துக்கிடந்தது. வினாகிரியில் ஊறப்போட்டு, ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். பார்க்க ஆளில்லாத அறைக்கு இவ்வளவு பவுசு!

ஜூன் 27, ஞாயிறு
குசினி அண்ணை இனி வரமாட்டாராம். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி எடுத்து வீடு வீடாக விற்கிறார். "உழைப்புக் குறைவுதான் தம்பி. ஆனா பின்னேரம் கையில என்ன இருக்குமெண்டு தெரியும்" என்றார்.

கொரோனாப் பயத்தில்தான் ஹோட்டல் வேலையை விடுகிறோம் என்று ஊரில் நினைக்கிறார்கள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். என் அடிப்படைச் சம்பளம் 22,000 ரூபா. நல்ல மாதத்தில் பில்லில் போடும் 10 சதவீத சேர்விஸ் சார்ஜில் என் பங்கும் டிப்ஸும் சேர்ந்தால் அதையும் தாண்டும். வாடகை, சீட்டு, தங்கச்சியின் ரியூஷன் எல்லாம் அந்த மேல்காசில்தான் ஓடியது. வேலைக்குக் கூப்பிடாத மாதத்தில் 14,500 ரூபா அல்லது அடிப்படைச் சம்பளத்தில் பாதி, எது கூடவோ அது என்று போன வருடம் தொழிற்சங்கங்களும் முதலாளிமாரும் அரசாங்கமும் பேசி முடித்தார்கள். எனக்குப் பாதி 11,000. அதனால் 14,500 வருகிறது. சட்டப்படி எல்லாம் சரி, அதுதான் எரிச்சல்.

ஜூலை 18, ஞாயிறு
தங்கிப் போன ஒருவருக்குத் தொற்றாம். மனேஜருக்கு முதல் நாளே தெரியும். அந்த அறையின் விரிப்பை உருவி, கழிவறை துடைத்த எனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சலரோகம். அதனால் விறாந்தையில் பாய் போட்டிருக்கிறேன். ரிசெப்ஷனில் நிற்கும் பிள்ளையை வீட்டில் வேலையை விடச் சொல்லிவிட்டார்களாம், நியாயம்தான்.

ஓகஸ்ட் 14, சனி
நேற்று நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். வழமையாக இந்த 25 நாளும் கனடா, லண்டன் சனத்தால் அறை கிடைக்காது. இந்த முறை புக்கிங் புத்தகம் வெறுமை.

2019 ஏப்ரலில் குண்டுவெடிப்போடு ஒருமுறை படுத்தோம். ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் திறந்து, நவம்பரில் சென்னை விமானமும் வரத் தொடங்க, இனி விடிவுதான் என்று நானும் மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுத்தேன். 2020 மார்ச்சில் அதுவும் நின்றது. லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை.

ஓகஸ்ட் 21, சனி
நேற்று இரவு 10 மணியோடு திரும்பவும் ஊரடங்கு. 30 வரைக்குமாம். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன், திகதி மட்டும் போடவில்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதுவும் இந்த அடிப்படைச் சம்பளத்தில்தான்: ஐந்து வருடத்துக்கு 55,000 ரூபா. எனக்கு டிசம்பரில் ஐந்து வருடம். அதுவரைக்கும் பெயர் இருக்கட்டும். ஊரடங்கு எடுத்ததும், கூப்பிடாத நாட்களில் மச்சானோடு பெயின்ட் அடிக்கப் போவேன். கோண்டாவிலில் ஒரு வீடு பிடித்து வைத்திருக்கிறான், நாள் கூலி, கையில் காசு.